சிறிய மிரர்லெஸ் கேமராவில் படம் மங்கலாக வருகிறது. கேமராவை மாற்றுவதா, லென்ஸை மாற்றுவதா?

சோனி ஏ6000ஐ கேமராவோடு சேர்ந்து வரும் 16-50 மி.மீ. கிட் லென்ஸோடு பழையதாக வாங்கினேன், காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் எடுத்த படங்கள் எல்லாம் மங்கல், விற்றுவிட்டு, படம் பதியும் சென்சார் பெரிதாக உள்ள ஃபுல் ஃபிரேமுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்காதீர்கள். தண்டையார்பேட்டையில் அப்பா காலத்திலிருந்து ஸ்டுடியோ நடத்துகிறோம். இதே புகாரோடு மாதத்துக்கு இரண்டு பேராவது கடை ஏறுகிறார்கள்.

வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது லென்ஸை அல்ல, படம் எடுத்தபோது ஷட்டர் வேகம், அதாவது ஒளியை உள்ளே விட்ட நேரம், எவ்வளவு இருந்தது என்பதை. ஏலக்கூடத்தில் நாலரை மணிக்கு வெளிச்சம் என்றால் தலைக்குமேல் எரியும் விளக்குகள்தான். கிட் லென்ஸை 50 மி.மீ.க்கு இழுத்தால் அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை; எண் குறைந்தால் துளை பெரிது) 5.6க்கு மேல் திறக்காது. கேமரா வேறு வழியில்லாமல் 1/30 நொடிக்கு இறங்கிவிடும். ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறவரும், வஞ்சிரத்தை வாலைப் பிடித்துத் தூக்கி விலை கூவும் அக்காவும் உங்களுக்காக அசையாமல் நிற்கமாட்டார்கள். லென்ஸுக்குள் இருக்கும் அதிர்வுத் தடுப்பு உங்கள் கை நடுக்கத்தை அடக்கும். அக்காவின் கையை அதனால் அடக்க முடியாது.

நம்பிக்கை வரவில்லையென்றால் அதே லென்ஸோடு ஒரு நாள் காலை வெயிலில் இராயபுரம் ரயில் நிலையத்துக்குப் போங்கள். 1856இல் திறந்த நிலையம். முகப்புத் தூண்கள் லென்ஸைச் சோதிப்பதற்கென்றே நட்டுவைத்தவை போல நிற்கும். அப்பர்ச்சரை 8இல் வைத்து எடுத்தால் நடுத் தூண்களின் விளிம்பு கத்தி போல வரும். 16 மி.மீ.யில் மட்டும் படத்தின் மூலைகள் கூர்மை குறைந்து இளகியிருக்கும். காரணம் இருக்கிறது. 116 கிராமில், மடங்கினால் சட்டைப்பையில் அடங்குகிற ஜூம் லென்ஸ் அது. அதன் கண்ணாடிகள் நேர்கோட்டைப் பீப்பாய் போல வளைத்துத்தான் தருகின்றன. கேமராவுக்குள் இருக்கும் மென்பொருள் மூலைகளை இழுத்து நிமிர்த்துகிறது. பலூனில் எழுதி ஊதினால் எழுத்து பெரிதாகி மை வெளிறுமே, அப்படித்தான். 20 மி.மீ.க்கு நகர்த்தினால் இந்தக் குறை பெரிதும் அடங்கிவிடும். எல்லாம் தெளிவாக விழட்டும் என்று அப்பர்ச்சரை 16, 22 என்று சுருக்குவது இன்னொரு தவறு. அவ்வளவு சிறிய துளையில் நுழையும் ஒளி விரிந்துபோய், முழுப் படமும் மெழுகு பூசியது போல ஆகிவிடும். இந்த அளவு சென்சாரில் நான் 11ஐத் தாண்டுவதில்லை.

இப்போது பணக் கணக்குக்கு வருவோம். ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு உங்களுடையதைப் போல ஏறக்குறைய 2.3 மடங்கு. வெளிச்சத்தில் அது ஒரு ஸ்டாப்புக்கு (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு) சற்று மேல், அவ்வளவுதான். அதோடு வரும் மலிவான ஜூமும் பெரும்பாலும் அதே 3.5-5.6 அப்பர்ச்சராகத்தான் இருக்கும். மாறாக, உங்கள் கேமராவிலேயே 1.4 வரை திறக்கும் பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) ஒன்றை மாட்டினால் 5.6இலிருந்து நான்கு ஸ்டாப், அதாவது 16 மடங்கு வெளிச்சம். 1/30 நொடி 1/500 நொடியாகிவிடும். கூவுகிற வாயும் வாலிலிருந்து தெறிக்கும் தண்ணீரும் அப்படியே நிற்கும்.

என் கையில் இருப்பது சிக்மா 30 மி.மீ. 1.4. உங்கள் சென்சாரில் அது பழைய ஃபிலிம் கேமராவின் 45 மி.மீ. பார்வையைத் தரும்; எடை 265 கிராம் அளவில்தான். 1.4இல் மீனின் கண்ணில் ஃபோகஸ் வைத்தால் விற்பவரின் முகம் கரைந்துவிடும் என்பதால் ஏலத்தில் நான் 2 அல்லது 2.2இல் வைக்கிறேன். ஜூம் கிடையாது, கால்தான் ஜூம். வலை குவியலுக்கும் டிராலிக்கும் நடுவில் அது எளிதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் அளவு சிறியதாக இருப்பதில் ஒரு லாபம் உண்டு. முழங்கை நீள லென்ஸோடு ஒருமுறை போனேன். “எந்த டிவி சார்?” என்று கேட்டு ஏலத்தையே நிறுத்திவிட்டார்கள்.

தொலைவில் இருப்பதை இழுத்து எடுக்கும் 55-210 மி.மீ. ஜூம் லென்ஸ் பற்றியும் கேட்டிருந்தீர்கள். எண்ணூரில் நண்பகலில் எதிர்க்கரைப் புகைபோக்கிகளை எடுப்பதற்காக என்றால் வேண்டாம். சூடான காற்று அலையும்போது எவ்வளவு விலை கொடுத்த லென்ஸும் கூர்மை தராது. காலை ஏழு மணிக்குள் போய்ப் பாருங்கள்.

திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கி மூலைகளைத் துழாவுவதையும் சற்றுக் குறையுங்கள். உங்கள் கேமராவின் படம் 6000க்கு 4000 புள்ளி. 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 333 புள்ளிகள் விழும். அந்த அச்சில் மூலையின் இளகலை யாரும் என்னிடம் சுட்டிக்காட்டியதில்லை. அசைந்த முகத்தை எல்லோரும் சுட்டிக்காட்டுகிறார்கள்.

லென்ஸைத் துறைமுகத்துக்குள் கழற்றி மாற்றாதீர்கள். மிரர்லெஸ் என்பதால் இதில் முன்னால் மறைக்கும் மிரர் கிடையாது, சென்சார் வெட்டவெளியில் நிற்கும். ஒரு தம்பி சுத்தம் செய்யக் கொண்டுவந்த கேமராவில் சென்சார்மேல் காய்ந்த செதில் ஒட்டியிருந்தது. ஏசி அறையிலிருந்து நேராக வெளியே எடுத்தாலும் லென்ஸ் வியர்க்கும், பைக்குள்ளேயே அரைமணி நேரம் கிடக்கட்டும். வீட்டில் இறுக மூடும் டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் போதும். அரிசியில் புதைக்க வேண்டாம், தவிடுதான் ஏறும்.

சிக்மா 30 லென்ஸைப் பழையதாக வாங்குவதென்றால் போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் பாருங்கள். உள்ளே சிலந்தி இழை போலத் தெரிந்தால் பூஞ்சை. பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று நான் டார்ச் அடிக்காமல் வாங்கிய ஒன்று, இப்போது கல்லாவில் பில் பறக்காமல் அழுத்திக்கொண்டிருக்கிறது.