நுரையீரலில் அடர்த்தியான முடிச்சு

கேள்வி: எனக்கு வயது 54. முழு உடல் பரிசோதனையின்போது எடுத்த சி.டி. ஸ்கேனில், வலது நுரையீரலின் மேல்மடலில் 7 மி.மீ. அளவில் அடர்த்தியான முடிச்சு இருப்பதாக அறிக்கை வந்துள்ளது. இருமல், சளி எதுவும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன்பு வரை புகைபிடித்திருக்கிறேன். இது எதனால் வருகிறது? புற்றுநோயாக இருக்குமா?

பதில்: நுரையீரலில் பெரும்பகுதி காற்று என்பதால் ஸ்கேனில் அது கறுப்பாகத் தெரியும், அதைவிடக் கெட்டியான எதுவும் வெண்மையாகத் தெரியும். அந்த வெண்புள்ளி 30 மி.மீ.க்கு உட்பட்டிருந்தால் முடிச்சு என்றும், மீறினால் கட்டி என்றும் குறிப்பிடுவது மருத்துவ வழக்கம். முடிச்சின் அடர்த்திக்குக் காரணம் அதில் படிந்த கால்சியமா, வெறும் கெட்டித் திசுவா என்பதுதான் உங்கள் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

கால்சியம் என்றால், பெரும்பாலும் அது ஆறிப்போன பழைய தொற்றின் தழும்பு. எப்போதோ உள்ளே புகுந்த காசநோய்க் கிருமிகளை நோய் எதிர்ப்பு அணுக்கள் சூழ்ந்து அடைத்துவிட, அந்த இடம் நாளடைவில் சுருங்கி, கால்சியம் படிந்து இறுகிவிடுகிறது. இது நடந்ததே பலருக்குத் தெரியாது. சில பூஞ்சைத் தொற்றுகளும், பெரியவர்களுக்குச் சின்னம்மையோடு வரும் நிமோனியாவும் இதே தடயத்தை விட்டுச் செல்லும். குருத்தெலும்பும் கொழுப்பும் கலந்த ஹமார்ட்டோமா என்ற தீங்கற்ற கட்டியில், கால்சியம் பாப்கார்ன் பொரிந்தாற்போலத் திட்டுத்திட்டாகத் தெரியும்.

முடிச்சு முழுவதும், அல்லது நட்டநடுவில், அல்லது வளையம் வளையமாகக் கால்சியம் படிந்திருந்தால் அநேகமாகக் கவலை இல்லை. ஒரு பக்க ஓரத்தில் மட்டுமோ, பொடிப்பொடியாகச் சிதறியோ இருந்தால் அந்த நிம்மதிக்கு இடமில்லை. எலும்புப் புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவும்போதும் கால்சியம் படியக்கூடும் என்பதால், முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றிருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கால்சியம் இல்லாத கெட்டி முடிச்சு என்றால், இந்த அளவில் அது புற்றுநோயாக இருக்கும் வாய்ப்பு குறைவுதான்; ஆனாலும் புகைபிடித்தவர் என்பதால் அலட்சியம் கூடாது. 6 முதல் 8 மி.மீ. வரையிலான முடிச்சுக்கு 6 முதல் 12 மாதங்களுக்குள் மறு ஸ்கேனும், உங்களைப் போன்றவர்களுக்கு 18 முதல் 24 மாதங்களில் இன்னொன்றும் எடுக்க வேண்டும் என்பது, மார்பு ஸ்கேன் நிபுணர்களின் சர்வதேச அமைப்பான ஃபிளெய்ஷ்னர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். இந்த இடைவெளி பலருக்கு எரிச்சலூட்டுகிறது. ஆனால் வளர்ச்சியைக் கண்டறிய அது தேவை. 7 மி.மீ. முடிச்சு 9 மி.மீ.யை நெருங்கினாலே அதன் கன அளவு இருமடங்காகிவிடும். சர்க்கரையை அதிகம் உறிஞ்சும் செல்களை ஒளிரச் செய்து காட்டும் பெட் ஸ்கேனையும் இவ்வளவு சிறிய முடிச்சில் முழுமையாக நம்ப முடியாது; உயிர்ப்போடு இருக்கும் காசநோயும் அதில் புற்றுநோயைப் போலவே ஒளிரும்.

பழைய மார்பு ஸ்கேன், எக்ஸ்-ரே படங்கள் வீட்டில் இருந்தால் தேடி எடுத்துச் செல்லுங்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய படத்திலும் இதே முடிச்சு இதே அளவில் இருந்தால், பெரும்பாலும் மேற்கொண்டு எதுவும் செய்யத் தேவையிருக்காது. இடையில் சளியில் இரத்தம் வந்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, அடுத்த ஸ்கேன் தேதிக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரைப் பாருங்கள்.