10,900 கிலோமீற்றர், 14 மணித்தியாலம்: நம்பலாமா?

கேள்வி: 1942இல் இலங்கைப் படைவீரர்கள் கலகம் செய்த, இந்து சமுத்திரத்தில் உள்ள கொக்கோஸ் தீவையும், நெப்போலியன் இறந்த, அத்திலாந்திக் சமுத்திரத்தில் உள்ள சென் ஹெலினா தீவையும் ஒரே பயணத்தில் பார்க்க எனக்கு நெடுநாள் ஆசை. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையில் 10,900 கிலோமீற்றர், பறக்க 14 மணித்தியாலம் என்று இணையத்தில் இருக்கிறது. ஒரு நாளில் போய்விடலாமா?
- வாசகர், வெள்ளவத்தை

பதில்: தூரம் சரி, நேரத்தை நம்பி லீவு போட்டுவிடாதீர்கள். உலக உருண்டையில் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் வரும் நீளம்தான் அந்த 10,900. அதை மணிக்கு 800 கிலோமீற்றர் வேகத்தால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டினால் 14 வந்துவிடும், ஆனால் அந்த நூல் வழியே பயணிகள் விமானம் எதுவும் போவதில்லை.

உண்மையான வழி கொக்கோஸிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த், அங்கிருந்து தென்னாபிரிக்காவின் ஜொஹன்னஸ்பேர்க், பிறகு சென் ஹெலினா. முதல் கட்டம் ஏறத்தாழ 2,940, அடுத்தது 8,300, கடைசி 3,700 கிலோமீற்றர், கூட்டிப் பாருங்கள், 15,000ஐத் தொடுகிறது. பேர்த்திலிருந்து மேற்கே போகும்போது எதிர்க்காற்று வேறு, அதனால் அந்தக் கட்டத்துக்கு மட்டும் 11 மணித்தியாலம் போகும், அதே வழியில் திரும்பி வர 9 மணித்தியாலச் சொச்சம்தான்.

தூரத்தைவிடக் கிழமைதான் உங்களைக் காக்கவைக்கும். சென் ஹெலினாவுக்கு ஆண்டு முழுவதும் நம்பக்கூடியது ஜொஹன்னஸ்பேர்க்கிலிருந்து போகும் சனிக்கிழமைச் சேவை ஒன்றுதான், அதுவும் வழியில் நமீபியாவின் வால்விஸ் பேயில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு போகும். தவறவிட்டால் பெரும்பாலும் அடுத்த சனி வரை காத்திருக்கவேண்டியதுதான். ஓடுபாதை பாறை விளிம்பில் இருப்பதால் காற்று சட்டென்று திசை மாறும், 2016இலேயே கட்டி முடித்தும் அந்தக் காற்றுப் பிரச்சினையால் வழக்கமான சேவை 2017 ஒக்டோபரில்தான் தொடங்கியது.

தூரம் ஒன்றாக இருந்தாலும் நேரம் விமானத்தைப் பொறுத்தது என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. 1943 முதல் 1945 வரை காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல வாவியிலிருந்து பேர்த்துக்கு கற்றலீனா கடல்விமானங்கள் ஓடின, 5,600 கிலோமீற்றருக்கு 27 முதல் 33 மணித்தியாலம்! ஒரே பயணத்தில் இரண்டு தடவை சூரிய உதயம் பார்ப்பார்கள். எரிபொருள் சுமையால் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்ற முடியாது. இன்றைய ஜெட் என்றால் ஏழு, ஏழரை மணித்தியாலம் போதும். கொக்கோஸுக்குக் கிளம்புமுன் ஒரு நாள் கொக்கலவுக்கும் போய்வாருங்கள்.

கொக்கோஸில் விமானம் மேற்குத் தீவில் இறங்கும். கலகம் நடந்தது ஹோஸ்பரோ தீவில், களப்பைக் கடந்து படகில்தான் போகவேண்டும், காற்றுப் பார்த்துத்தான் படகு எடுப்பார்கள். அந்தக் கலகத்துக்காக வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட மூன்று படைவீரர்களுக்காகவாவது அங்கே ஒரு நாள் அதிகம் தங்குங்கள், ஓடி ஓடிப் பார்க்கும் இடமல்ல அது.

சரி, திட்டத்தைப் பின்னாலிருந்து போடுங்கள். முதலில் சனிக்கிழமை விமானத்தைப் பிடியுங்கள், அதற்கு முந்திய நாளே ஜொஹன்னஸ்பேர்க்கில் இருக்கும்படி பேர்த் விமானத்தை எடுங்கள், கொக்கோஸ் திகதிகள் அப்புறம். சென் ஹெலினாவிலிருந்து திரும்பும்போதும் தென்னாபிரிக்கா வழியாகத்தான் வரவேண்டும், ஆகவே விசா கேட்கும்போதே இரண்டு தடவை நுழைய அனுமதி கேளுங்கள்.