பேருந்தில் பக்கத்தில் போய் உட்காராதீர்கள்: நார்வே கேள்வி-பதில்

கேள்வி: பரிமாற்ற மாணவர்களும் கல்விக் கட்டணம் கட்ட வேண்டுமா?

உங்கள் பல்கலைக்கழகத்துக்கும் நார்வே பல்கலைக்கழகத்துக்கும் ஒப்பந்தம் இருந்தால் வேண்டாம். 2023 இலையுதிர் பருவத்தில் வந்த கட்டணம், ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து நேரடியாகப் பட்டப்படிப்பில் சேர்பவர்களுக்கு.

கேள்வி: பேராசிரியரை 'சார்' என்று கூப்பிடலாமா?

பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். முதல் இரண்டு வாரம் வாய் வராது. அப்புறம் பழகிவிடும்.

கேள்வி: மதியம் என்ன சாப்பிடுவார்கள்?

நம் ஆட்கள் ஆடிப்போகும் இடம் இதுதான். பகல் பதினொன்றரைக்கெல்லாம் 'மாத்பாக்கெ'யைப் பிரிப்பார்கள். வீட்டிலிருந்து கட்டிவந்த ரொட்டித் துண்டுகள், அவ்வளவுதான். ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க நடுவில் ஒரு தாள். அதற்கென்றே வெட்டிய தாளைக் கடையில் விற்கிறார்கள்! சூடான சாப்பாடு மாலை நாலு, ஐந்து மணிக்குத்தான்.

ரொட்டிமேல் பெரும்பாலும் 'புரூனோஸ்ட்' என்ற பழுப்புச் சீஸ் இருக்கும். பால் திரிந்து வடியும் நீரைச் சுண்டக் காய்ச்சிச் செய்வது. முதல் கடியில் திரட்டுப்பால் நினைவு வரும், பிறகு உப்பு தட்டும். அதைக் கத்தியால் வெட்டாதீர்கள். மெலிதாகச் சீவ ஒரு கருவி உண்டு; தூர் பியோர்க்லுண்ட் என்ற தச்சர் 1925-ல் செய்தது. நடுவில் பள்ளம் விழச் சீவினால் அறைத்தோழர் வாய் திறந்து திட்டமாட்டார், மனதில் குறித்துக்கொள்வார்.

கேள்வி: யாரும் பேசவே மாட்டார்களாமே?

பேருந்தில் காலி இருக்கை இருக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் போய் உட்காராதீர்கள். அது வெறுப்பு இல்லை. அடுத்தவரைத் தொந்தரவு செய்யாதிருப்பதுதான் அங்கே மரியாதை. அதே ஆள் மலைப்பாதையில் எதிரே வந்தால் தானாகவே 'ஹை' சொல்வார்.

பழக வேண்டுமானால் 'டுக்னாட்' அறிவிப்பு வரும்போது போய்விடுங்கள். குடியிருப்பில் எல்லோரும் சேர்ந்து இலை கூட்டி, வேலிக்குச் சாயம் அடிக்கும் நாள் அது. துடைப்பம் கையிலிருந்தால் பேச்சு தானாக வரும். முடிவில் காப்பியும் வாஃபிளும் கிடைக்கும். யார் வீட்டுக்காவது கூப்பிட்டால் நம் ஊர் மாதிரியே செருப்பு வாசலோடு.

கேள்வி: நார்வேயின் வடக்கே இருக்கும் டிரோம்சோ நகரில் இடம் கிடைத்திருக்கிறது. சூரியனே வராதாமே?

நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடுப்பகுதி வரை வராது. ஆனால் கும்மிருட்டும் இல்லை. நண்பகலை ஒட்டிச் சில மணிநேரம் நீல வெளிச்சம் இருக்கும். குளிருக்கு உள்ளே கம்பளி உடுத்துங்கள், பருத்தி வேண்டாம்.

வெயில் இல்லாத குறைக்கு அவர்கள் தினம் ஒரு கரண்டி மீன் எண்ணெய் குடிப்பார்கள். பெயரில் 'ர' வரும் மாதமெல்லாம் குடிக்க வேண்டுமாம். செப்டம்பர் தொடங்கி ஏப்ரல் வரை எழுதிப் பாருங்கள், தமிழிலும் கணக்கு சரியாக வருகிறது.