குழந்தைகளோடு லு மான் 24 மணி நேரப் பந்தயத்துக்குப் போய்க் கூடாரத்தில் தங்கலாமா?

கேட்டவர் விவரமாகவே எழுதியிருக்கிறார். துபாய் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் நடிகர் அஜித் ஓட்டியதைப் பார்த்ததிலிருந்து பிள்ளைகளுக்கு வேறு பேச்சே இல்லையாம். ஐரோப்பாவில்தான் இருக்கிறோம், பிரான்ஸுக்குப் போய் லு மான் பந்தயத்தைக் கூடாரம் போட்டுத் தங்கிப் பார்த்துவிடலாம் என்று இவருக்கு ஆசை. மனைவியோ, "ஆம்பளைங்க குடிச்சிட்டுக் கத்துற இடம், நான் வரல" என்று சொல்லிவிட்டாராம்.

போகலாம். தாராளமாகப் போகலாம். பதில் மட்டும் போதும் என்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். இனி வருவதில் பாதிக்கு மேல் என் கதைதான்.

"ஆம்பளைங்க இடம்" என்ற அந்த வார்த்தைதான் என்னை எழுத உட்கார வைத்தது. எங்கள் வீட்டில் கார் பைத்தியம் நான். என் கணவருக்குக் கார் என்றால் நாலு சக்கரம், ஒரு இன்சூரன்ஸ், அவ்வளவுதான். 2024 ஜூனில் நாங்கள் லு மான் போய்வந்த படங்களைச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். வந்த முதல் கேள்வி, "மாப்பிள்ளைக்கு ரேஸ்னா அவ்வளவு இஷ்டமா?" அடுத்தது, "பாவம், நீ எப்படித்தான் சமாளிச்சியோ!" அந்தப் படங்கள் ஒவ்வொன்றிலும் வேலியில் தொங்கிக்கொண்டிருப்பது நான். அவர் மடக்கு நாற்காலியில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு இந்தப் பைத்தியம் அப்பாவிடமிருந்து வந்தது. கோயம்புத்தூர் ஸ்பின்னிங் மில் ஒன்றில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இளவட்டமாக இருந்தபோது சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களுக்கு லாரி பிடித்துப் போனவர். செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே வந்தபின் என்னையும் பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். வயசுக்கு வந்த பிள்ளையை எதற்கு அங்கெல்லாம் என்று அக்கம்பக்கம் பேசினார்கள். காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். 2024-ல் அவர் எங்களைப் பார்க்கப் பாரிஸ் பக்கம் வந்திருந்தார். அப்புறம் எப்படிப் போகாமல் இருப்பது?

டிக்கெட் போட்டாயிற்று என்றதும் அப்பா கேட்டார், "ஏம்மிணி, இருபத்துநாலு மணி நேரமும் உக்காந்து பாக்கோணுமா?"

பிள்ளைகளோடு போகிறவர்கள் எல்லோருக்கும் வரும் பயம் இதுதான். கால்பந்து மாதிரி கண் எடுக்காமல் பார்த்தால் உங்களுக்கும் பைத்தியம் பிடிக்கும், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். சனிக்கிழமை மாலை 4 மணிக்குத் தொடங்கி ஞாயிறு மாலை 4 மணிக்கு முடியும். ஒரு சுற்று 13.626 கிலோமீட்டர், அதில் ஒரு பகுதி மற்ற நாட்களில் சாதாரணமாக வண்டிகள் போகும் சாலை. 62 கார்கள், காருக்கு மூன்று ஓட்டுநர்கள். ஒருவரே ஓட்டிக்கொண்டிருக்க முடியாது. ஒருவர் எந்த 6 மணி நேரத்திலும் 4 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது, மொத்தமாக 14 மணி நேரத்துக்கு மேல் கூடாது. இதை விளக்கிச் சொன்னேன். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார்: "அட, மூணு ஷிஃப்ட்டு மில்லுதான் போ."

அந்த நிமிடத்தில் எங்கள் பயணத் திட்டம் தயார். நாங்களும் ஷிஃப்ட் போட்டுக்கொண்டோம். ஒருவர் வேலியில் நின்றால் ஒருவர் கூடாரத்தில் பிள்ளைகளோடு, ஒருவர் தூக்கம். யாரும் எதையும் முழுசாகப் பார்க்கவில்லை, யாருக்கும் அது குறையாகவும் படவில்லை. ராத்திரி ஷிஃப்ட்டை அப்பாவே கேட்டு வாங்கிக்கொண்டார்.

இங்கே ஒன்றைக் கொட்டியே ஆக வேண்டும், மன்னியுங்கள். பிரான்ஸில் ஜூலை வரை பள்ளிக்கூடம் உண்டு. பந்தயம் ஜூன் நடுவில். வெள்ளிக்கிழமைதான் குடும்பத்துக்கு நல்ல நாள்: தடத்தில் ஓட்டம் கிடையாது, பிட் லேனை (பந்தயத்தின் நடுவே கார்கள் நின்று எரிபொருள் போட்டு, டயர் மாற்றும் இடம்) மக்களுக்குத் திறந்துவிடுவார்கள், மாலையில் ஊருக்குள் ஓட்டுநர்கள் பழைய கார்களில் ஊர்வலம் வருவார்கள். அந்த ஒரு நாளுக்கு விடுப்புக் கேட்டு எழுதினேன். "கேளிக்கைப் பயணம் ஏற்கத்தக்க காரணம் அல்ல" என்று தலைமை ஆசிரியரிடமிருந்து கடிதம். சட்டப்படி அவர் சொல்வது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதே பள்ளி அந்த வருடம் வேலைநிறுத்தம், ஆசிரியர் வரவில்லை, மாற்று ஆள் கிடைக்கவில்லை என்று எத்தனை முறை காலை எட்டு மணிக்குப் பிள்ளையை வாசலோடு திருப்பி அனுப்பியது! அதற்கெல்லாம் நான் அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பு எடுத்திருக்கிறேன். எனக்கு யார் கடிதம் எழுதினார்கள்? சரி, விடுங்கள். வெள்ளிக்கிழமை போனோம்.

முகாம் விஷயத்துக்கு வருகிறேன். தடத்தைச் சுற்றிப் பல முகாம்கள் உண்டு. கூடார இடத்துக்குத் தனி டிக்கெட், பந்தயத்துக்குத் தனி டிக்கெட். ஒன்றை வாங்கினால் மற்றதும் சேர்ந்து வராது. உங்கள் மனைவி சொல்லும் குடியும் கூத்தும் இருக்கிறது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். பிட் முன்னால் போகும் நேர்கோட்டுத் தடத்துக்குப் பக்கத்து முகாம்களில் விடியவிடியப் பாட்டுதான். நாங்கள் தெர்த்ர் ரூஜ் வளைவை ஒட்டிய முகாமை எடுத்தோம். ஒரு பக்கம் தாத்தா பாட்டியோடு வந்திருந்த பிரெஞ்சுக் குடும்பம், இன்னொரு பக்கம் ஆங்கிலேயத் தம்பதி. நான் கேஸ் அடுப்பில் அரிசிம்பருப்பு வைத்தேன். ஒரே பாத்திரம், வேலை முடிந்தது.

காதுக்கவசம் மட்டும் மறந்துவிடாதீர்கள். காதுக்குள் செருகும் பஞ்சு சின்னப் பிள்ளைகளுக்கு நிற்காது, தலைமேல் மாட்டுகிற வகை வேண்டும். வீட்டிலேயே மாட்டிப் பழக்கிக் கூட்டிப்போங்கள். இல்லாவிட்டால் ஒரே நாளில் பத்துத் தடவை கழற்றி எறிவார்கள்.

பிள்ளைகளுக்குப் பந்தயத்தை எப்படிப் புரியவைப்பது? இதில் ஹைப்பர்கார் (எல்லாவற்றிலும் வேகமானது), எல்எம்பி2 (பந்தயத்துக்கென்றே செய்தது), ஜிடி3 (கடையில் விற்கும் ஸ்போர்ட்ஸ் காரை மாற்றிச் செய்தது) என்று மூன்று வகுப்புகள் ஒரே தடத்தில் ஒன்றாக ஓடுகின்றன. யார் முன்னால் என்று பெரியவர்களுக்கே குழப்பம். அதனால் ஆளுக்கு ஒரு காரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், போதும். என் மகள் எடுத்தது 85-ஆம் எண் இளஞ்சிவப்பு லம்போர்கினி. ஓட்டிய மூன்று பேருமே பெண்கள்: சாரா போவி, ரஹேல் ஃப்ரை, மிஷெல் கேட்டிங். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, நிறத்துக்காக எடுத்தாள். ஜிடி3 கார் ஒரு சுற்று வர நாலு நிமிடம் போல ஆகும். அதனால் அவளுக்குக் கடிகாரம் பார்க்கக் கூட வந்துவிட்டது. "வரும் பாரு, இப்ப வரும் பாரு" என்று விரல் நீட்டுவாள், வந்துவிடும். அந்தக் கார் பரிசு மேடை ஏறவில்லை, ஆனால் கடைசிவரை ஓடி முடித்தது. அவளைப் பொறுத்தவரை அதுதான் ஜெயித்தது. இன்றுவரை அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

என் கணவருக்குத் தெரிந்த ஒரே பெயர் வாலன்டினோ ரோஸ்ஸி. பைக்கில் உலக சாம்பியனாக இருந்த அதே ரோஸ்ஸி அந்த வருடம் 46-ஆம் எண் பிஎம்டபிள்யூவில் இருந்தார். ராத்திரி ஈரத்தில், வேறொருவர் ஓட்டும்போது, அந்தக் கார் மோதி வெளியேறிவிட்டது. இவருக்குத் தூங்குவதற்கு நல்ல சாக்குக் கிடைத்தது.

அந்த ராத்திரி மழைதான் நான் சொல்ல நினைத்தது. விடியற்காலை இருட்டு. கூடாரத்துணியில் சடசடவென்று அடிக்கிறது. பிள்ளைகள் அசையவில்லை. திடீரென்று அப்பா எழுந்து உட்கார்ந்து என் தோளை உலுக்கினார். "அம்மிணி, மிஷின் நின்னு போச்சு."

அத்தனை இரைச்சலிலும் நன்றாகத் தூங்கியவர், இரைச்சல் அடங்கியதும் விழித்துக்கொண்டார். மில்லில் காலம் தள்ளியவர்களுக்கு அப்படித்தான். கொட்டும் மழையால் பாதுகாப்புக் காரை விட்டிருந்தார்கள், அதன் பின்னால் எல்லாக் கார்களும் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. ஏறத்தாழ நாலு மணி நேரம் அப்படியே ஓடியது. டிவியில் பார்த்தவர்கள் அறுவை என்று திட்டினார்கள். அப்பாவுக்கு அதுதான் பந்தயத்திலேயே நல்ல கட்டம். நானும் அவரும் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு, ஒரே குடையில் வேலிக்குப் போனோம். அதுவரை சர்ரென்று பறந்த கார்களை அப்போதுதான் நிதானமாகப் பார்க்க முடிந்தது. எது முன் பம்பரில் டேப் ஒட்டியிருக்கிறது, எதில் ஒரு பக்க விளக்கு மங்கல், எது வைப்பரை விடாமல் ஆட்டுகிறது, எல்லாம். ஒவ்வொன்றுக்கும் அப்பா காரணம் சொல்லிக்கொண்டே வந்தார். "அந்தச் செவப்பு வண்டி ரேடியேட்டர்ல குப்ப அடச்சிருக்கும் பாரு." சரியா தப்பா என்று எனக்குத் தெரியாது. நான் தலையாட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் இன்னொன்று நடந்தது. முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த 50-ஆம் எண் ஃபெராரியின் வலப்பக்கக் கதவு ஓட்டத்தில் திறந்துகொண்டது. ஆரஞ்சு வட்டம் போட்ட கருப்புக் கொடியைக் காட்டி, உள்ளே வந்து சரிசெய்யச் சொன்னார்கள். கோடிக்கணக்கில் கொட்டிச் செய்த கார், முடிய இரண்டு மணி நேரம் கூட இல்லை, கதவைச் சாத்துவதற்காகப் பிட்டுக்கு வருகிறது. அப்பா சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "கொண்டி சரியா உழுவல. எந்த மில்லுலயும் இதேதான்." அப்படியும் அந்த ஃபெராரிதான் ஜெயித்தது. இரண்டாவது வந்த டொயோட்டாவை விட 14 வினாடி முன்னால், 24 மணி நேரம் ஓடிய பிறகு.

பிட் சுவரைப் பார்த்ததும் அப்பா பேரப்பிள்ளைகளுக்கு நரேன் கார்த்திகேயன் கதையை ஆரம்பித்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர் அல்லவா! 2009-ல் ஆடி காரோடு இங்கே வந்தவர், பந்தயம் தொடங்குவதற்கு முன்னால் பிட் சுவரிலிருந்து குதித்துத் தோள்பட்டை விலகி, ஒரு சுற்றுக்கூட ஓட்டாமல் போனார். மற்ற இருவரும் மட்டுமே ஓட்டி முடித்தார்கள். "அப்புச்சி, அவர் அழுதாரா?" என்று பையன் கேட்டான். "நாந்தேன் அழுதேன்" என்றார் அப்பா. 2012-ல் சென்னையின் கருண் சந்தோக் ஆறாவது வந்தார் என்று நான் சொன்னதை அவ்வளவாகக் கண்டுகொள்ளவில்லை. சென்னைதானே.

இனி, பின்னூட்டத்தில் வரப்போகிறவர்களுக்கு. பெட்ரோலை வீணடிக்கிறார்கள் என்பீர்கள். 2022 முதல் இங்கே ஊற்றுவது ஒயின் தயாரிப்பின் கழிவிலிருந்து எடுக்கும் எரிபொருள். அதனால் எல்லாம் பசுமையாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. மூன்று லட்சம் பேர் காரிலும் விமானத்திலும் வந்து இறங்குவது இருக்கவே இருக்கிறது. ஆனால் நாலு மணி நேரம் சரவெடி போட்டுக் கல்யாணம் நடத்துகிறவர்கள் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். 1955-ல் மெர்சிடீஸ் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து எண்பது பேருக்கு மேல் செத்ததையும் யாராவது ஒட்டுவீர்கள். அது நடந்தது உண்மை. அதற்குப் பிறகு நேர்கோட்டையும் பிட் பகுதியையும் இடித்தே மாற்றினார்கள். இன்று வேலிக்கும் தடத்துக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பார்த்தால் பயத்தை விட, இன்னும் கிட்டே விடமாட்டார்களா என்றுதான் தோன்றும். கிட்டே பார்க்க ஆசை என்றால் ஆர்னாஜ் வளைவுக்குப் போங்கள், கார்கள் மிக மெதுவாகத் திரும்பும் இடம் அது.

நாலு வயசுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் இப்போது வேண்டாம், சத்தம் ஒத்துக்கொள்ளாது. ஞாயிறு 4 மணிக்குக் கொடி விழுந்ததும் ஊரே ஒரே ரோட்டில் கிளம்பும். முகாமில் அன்று ராத்திரியும் தங்கிவிட்டுத் திங்கள் காலையில் புறப்படுங்கள். ரப்பர் பூட்ஸ் பிள்ளைகளுக்கு இரண்டு ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் மனைவியிடம் இன்னொரு தடவை கேட்டுப்பாருங்கள், அவருக்குப் பிரச்சினை குடிகாரர்களா, கழிப்பறையா என்று. என்னிடம் இதைப் பற்றிக் கேட்ட பெண்களில் பாதிப்பேர் கடைசியில் கழிப்பறையில்தான் வந்து நின்றார்கள். நியாயமான கவலைதான். காலை ஆறு மணிக்கு முன்னால் போனால் சுத்தமாக இருக்கும், குளியலுக்கும் வரிசை இருக்காது. ராத்திரி ஷிஃப்ட்டில் இருப்பவர் போய் எழுப்பிவிட்டால் சரி.