15,346 கிலோமீட்டருக்கு எத்தனை மணி நேரம்?

கேள்வி: மகள் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு நேர் விமானத்தில் போகிறாள். தூரம் 15,300 சொச்சம் கி.மீ. மணிக்கு 900 என்று வகுத்தால் 17 மணி நேரம்தான் வருகிறது. டிக்கெட்டில் பதினெட்டரைக்கு மேல் போட்டிருக்கிறதே, ஏன்? (கும்பகோணம் வாசகி)

பதில்: தூரத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சாங்கி விமான நிலையம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.4 பாகை, நியூயார்க்கின் கென்னடி 40.6 பாகை. தீர்க்கரேகையில் இரண்டுக்கும் 178 பாகை வித்தியாசம், அதாவது உலகின் எதிரெதிர்ப் பக்கம். ஆகவே மிகக் குறுக்கு வழி வட துருவத்தை ஒட்டித்தான் போகும். துருவம் 90 பாகையில் இருப்பதால், சாங்கியிலிருந்து துருவம் 88.6, அங்கிருந்து கென்னடி 49.4, மொத்தம் 138 பாகை. பாகைக்கு 111.2 கி.மீ. வைத்துப் பெருக்கினால் 15,346. உலக உருண்டையில் நூல் பிடித்தாலும் இதே வழிதான். தட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் ஏமாந்துபோவீர்கள்.

ஆனால் விமானம் அந்த நூலின் மேல் பறப்பதில்லை. சிங்கப்பூரில் கிளம்பியதும் பெரும்பாலும் கிழக்கே திரும்பி பசிபிக்கைக் கடக்கும். 30,000 அடிக்கு மேல் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் ஜெட் காற்றுதான் காரணம். 150 கி.மீ. காற்று முதுகைத் தள்ளினால் 900 என்பது 1,050 ஆகும். முகத்தில் அடித்தால் 750. இருக்கைக்கு முன்னுள்ள திரையில் ‘தரை வேகம்’ என்று ஓடுவது இதுதான். இப்படிச் சுற்றுவதால் தூரம் கூடும்; ஆனாலும் எதிர்க்காற்றில் போவதை விட லாபம். வேடிக்கை என்னவென்றால், நியூயார்க்கிலிருந்து திரும்பும்போதும் பல நாட்களில் அட்லாண்டிக் வழியாகக் கிழக்கேதான் வருவார்கள். போக வர உலகத்தை ஒரு சுற்று! சென்னை–லண்டன் தடத்துக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. அங்கே போகும்போது எதிர்க்காற்று.

இன்னொன்று: டிக்கெட்டில் உள்ள நேரம், விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து அங்கே போய் நிற்கும்வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, வரிசையில் காத்திருப்பது, மெதுவாக ஏறி இறங்குவது எல்லாம் அதில் அடக்கம்.

கேள்வி: சிங்கப்பூர்–நியூயார்க் நேர் விமானம் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி அதே நாள் காலை ஆறரைக்கே இறங்குவதாகப் போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: இல்லை. இரண்டு நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படி. கோடையில் நியூயார்க் சிங்கப்பூரை விட 12 மணி நேரம் பின்னால். நவம்பர் முதல் ஞாயிறிலிருந்து மார்ச் இரண்டாம் ஞாயிறு வரை 13. ஆறரையோடு 12-ஐக் கூட்டுங்கள்: பதினெட்டரை மணி நேரப் பயணம். திரும்பும்போதுதான் தேதி உதைக்கும். செவ்வாய் இரவு 10 மணிக்கு ஏறினால் வியாழன் காலை 5 மணிக்குத்தான் சிங்கப்பூர். கடிகாரத்தில் 31 மணி, 12 கழித்தால் 19. புதன்கிழமைக்கு ஓட்டல் அறை போட்டுப் பணத்தை விடாதீர்கள்.

கேள்வி: சிங்கப்பூர்–நியூயார்க் நேர் விமானத்தில் சாதாரண வகுப்பு டிக்கெட்டே காட்டவில்லையே? (ஈரோடு வாசகர்)

பதில்: கிடையாது. இந்த நீண்ட தூர ஏர்பஸ் ஏ350 விமானத்தில் 161 இருக்கைதான்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. தொட்டியில் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். அந்த எடையைத் தூக்க ஆளைக் குறைத்திருக்கிறார்கள். சாதாரண வகுப்புதான் வேண்டுமென்றால் வழியில் ஓரிடத்தில் இறங்கி மாறும் விமானத்தைப் பாருங்கள்.