துரை விட்டுச் சென்ற பந்தயக் காடி

மதிப்பிற்குரிய ஐயா,

சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டமொன்றில் என் அப்பா ஃபிட்டராக இருந்தார். துரை சிங்கப்பூருக்குக் கொண்டுபோய்ப் பந்தயம் ஓட்டிய இரண்டு இருக்கை மோட்டார்க் காடி ஒன்று, அவர் ஊர் திரும்பிய பிறகு பட்டறைக்குப் பின்னால் கிடந்தது. ஓர் அச்சும் இரண்டு சக்கரங்களும் புல் ஏற்றும் வண்டிக்குப் போயின. மீதியைக் கிராணி பழைய இரும்புக்காரருக்கு 80 வெள்ளிக்கு விற்றபோது அப்பாதான் லோரியில் ஏற்றிவிட்டார். இப்போது அத்தகைய காடிகளின் ஏல விலையைப் படித்தால், கைக்கெட்டிய செல்வத்தை அப்பா அறியாமல் அனுப்பிவிட்டாரோ என்று மனம் உறுத்துகிறது. மிஞ்சியிருக்கும் ஒரே படத்தை இணைத்துள்ளேன்.

ஒரு ஃபிட்டரின் மகன்

அன்பு நண்பருக்கு,

உங்கள் அப்பா எதையும் தொலைக்கவில்லை. அன்று அந்தக் காடிக்கு யாரிடமும் விலை இருக்கவில்லை. பந்தயக் காடி என்பது அடுத்த பந்தயத்தை வெல்வதற்கான கருவி. வேகமான ஒன்று வந்ததும் அது சாலையில் ஓட்டவும் வசதிப்படாத, உதிரிப்பாகம் கிடைக்காத பழைய இயந்திரமாகிவிடும். எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைத்த கூப்பர் காடி 1959-இல் உலகப் பட்டத்தை வென்ற பிறகு, முன்னால் எஞ்சின் கொண்ட பந்தயக் காடிகள் சில ஆண்டுகளிலேயே காலாவதியாயின. ஐரோப்பாவில் ஓய்ந்த காடிகள் நம் பக்கம் வந்ததும் அதனால்தான். 1961-இல் தாம்சன் சாலையில் நடந்த முதல் சிங்கப்பூர் கிராண்ட் பிரியில் வென்ற ஆஸ்டன் மார்ட்டின் டிபி3எஸ், 1953-இல் அறிமுகமான வகை. மொத்தம் 31 மட்டுமே செய்யப்பட்ட அந்த வகைக்கு இன்று பல மில்லியன் டாலர் கொடுக்கிறார்கள்.

செல்வந்த நாட்டிலும் இதே கதைதான். 1962 முதல் 1964 வரை 36 மட்டுமே செய்யப்பட்ட ஃபெராரி 250 ஜிடிஓ புதிதில் சுமார் 18,000 டாலர். அவற்றுள் ஒன்று டெக்சாஸ் மாநிலத்து உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்கு நன்கொடையாகப் போய், 1972-இல் 6,500 டாலருக்கு விற்கப்பட்டு, ஒஹாயோவில் இழுவண்டி மேல் ஏற்றிய நிலையில் ஆண்டுக்கணக்காக வெட்டவெளியில் மழையும் பனியும் பட்டுக் கிடந்தது. அதே வகையைச் சேர்ந்த வேறொரு காடி 2018-இல் ஏலத்தில் 48.4 மில்லியன் டாலருக்குப் போனது. படித்தவர்களும் பணம் படைத்தவர்களும் காணாததை ஒரு ஃபிட்டர் கண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல.

விலை பின்னால் வந்தது. 1927 முதல் 1957 வரை இத்தாலியில் நடந்த மில்லே மில்யா பந்தயம், 1977-இல் பழைய காடிகளுக்கான ஓட்டமாக உயிர்பெற்றது. இத்தகைய ஓட்டங்கள் பெருகியபோது, ஓடுவதற்கு இடமில்லாதிருந்த காடிகளுக்கு மீண்டும் இடம் கிடைத்தது. இடைப்பட்ட காலத்தில் அவற்றைக் காத்தவர்கள், இலாபம் எதிர்பாராமல் எண்ணெய் போட்டு, துருவைச் சுரண்டி, கிடைக்காத பாகத்தைத் தாமே கடைந்து மாட்டிய கைவினைஞர்கள். என் பெருமதிப்பு அவர்களுக்கே உரியது.

உங்கள் படத்தை நெடுநேரம் பார்த்தேன். கம்பிச் சக்கரத்தின் நடுவில் இரண்டு காதுகளுள்ள ஒற்றை நட்டு தெரிகிறது. அதைச் செம்புச் சுத்தியலால் தட்டிக் கழற்றுவார்கள். ஓட்டத்தில் தானாகத் தளராதிருக்க, இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் வெட்டப்பட்டிருக்கும். ஒரு காதின் விளிம்பு அடிபட்டு மழுங்கியிருப்பதும், பக்கத்தில் அப்பாவின் கையில் சுத்தியல் இருப்பதும் தெளிவாகத் தெரிகின்றன. இதை வைத்து இன்ன காடி என்று சொல்ல இயலாது; அக்காலத்து ஆங்கிலேய விளையாட்டுக் காடிகள் பலவற்றுக்கும் இச்சக்கரமே.

ஒரு காடியின் வரலாற்றை உறுதி செய்வது அதன் அடிச்சட்டத்தில் (சேசிஸ்) பொறித்த எண்தான். பட்டறைக் கணக்கேட்டிலோ அப்பாவின் குறிப்புகளிலோ அந்த எண் இருக்கக்கூடும். முதலில், படத்தின் பின்புறத்தில் ஏதேனும் எழுதியிருக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.