மூடுபனியில் சுருளும் நிழல் பொம்மைகள்

கோத்தகிரியில் பள்ளிப் பிள்ளைகளோடு, வெட்டிய தாள் பொம்மையைத் துளித்துளியாய் நகர்த்திப் படம் பிடிக்கும் நிழலுருவப் படம் எடுக்கிறீர்கள்; கறுப்புத் தாள் இளவரசி இரண்டே நாளில் சுருள்கிறாள், படமும் மினுக்குகிறது என்று கேட்டிருந்தீர்கள்.

சுருளுவது பனி ஈரத்தால். ஒரு பக்கம் மட்டும் பெயின்ட் அடித்தால் இன்னும் மோசம். இரு பக்கமும் ஒரே அளவு ஈரம் இழுக்காது. கறுப்பாகவே கிடைக்கும் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டையில் வெட்டி, இரவில் கனமான புத்தகத்துக்கு அடியில் வையுங்கள். 1926-இல் வெளியான ‘இளவரசர் அக்மத்’ நிழலுருவப் படத்தை எடுத்த ஜெர்மானியர் லோட்டே ரைனிகர் அட்டையோடு மெல்லிய ஈயத் தகடும் சேர்த்தார். ஈயம் நச்சு, பிள்ளைகள் கையில் வேண்டவே வேண்டாம். சின்ன இரும்பு வாஷரை அடியில் ஒட்டினால் போதும். மூட்டுக்கு மெல்லிய செம்புக் கம்பி.

மினுக்கலுக்குக் காரணம் உங்கள் ஜன்னல். மஞ்சு நகர நகர வெளிச்சம் மாறும். ஜன்னலை மூடி, பொம்மைகளைக் கிடத்தும் கண்ணாடிக்கு அடியில் மட்டும் விளக்கு வையுங்கள். போனில் எக்ஸ்போஷர், போகஸ், வொயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டி, ஷட்டரை 1/50 நொடியில் நிறுத்துங்கள். மேலிருந்து விழும் வெளிச்சம்தான் கறுப்பைச் சாம்பலாக்கும்.

இன்னொன்று, இதுதான் இந்தக் கலையின் உயிர்: கையை உடம்போடு ஒட்ட விடாதீர்கள். உடம்பின் மேல் வந்த கை கறுப்பில் கரைந்துவிடும். விரல்களுக்கு நடுவே துளி வெள்ளை தெரிந்தால், கண்ணே வரையாத இளவரசி அழுவது புரியும். நொடிக்கு 12 படம். அழுகையின் கடைசியில் ஆறு படம் அசையாமல் விடுங்கள்.